அறிவுச் சுங்கம்

"அறிவிக்க வேண்டியது ஏதாவது இருக்கா, மேடம்?"

"சவ்வு வேதியியல். வாயுப் பரிமாற்றம். இருபத்தொன்பது வருஷம்," என்றாள் அங்கயற்கண்ணி.

சென்னை விமான நிலையத்தில், பெட்டிகளைச் சோதிக்கும் இடத்தைத் தாண்டியதும் இடப்பக்கம் ஒரு கண்ணாடிக் கதவு உண்டு. அதன்மேல் 'அறிவுச் சுங்கம்' என்று எழுதியிருக்கும். சாதாரணப் பயணிகள் அதைக் கவனிக்காமல் போய்விடுவார்கள். அரசின் முதல் பட்டியலில் பெயர் உள்ள விஞ்ஞானிகள் மட்டும் உள்ளே போய், தாங்கள் கற்றதை ஒப்படைத்துவிட்டுத்தான் நாட்டைவிட்டு வெளியேற முடியும்.

எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரி ஹசீனாவுக்கு முப்பது வயது இருக்கும். "எத்தனை நாள் பயணம்?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா. பையன் பினாங்குல ஆஸ்பத்திரியில இருக்கான்."

தட்டச்சு செய்துகொண்டிருந்த ஹசீனாவின் விரல்கள் ஒரு கணம் நின்றன. "சீக்கிரம் முடிச்சிடறேன் மேடம்."

தலையில் நினைவுமானியைக் கவிழ்த்தார்கள். எதிரே திரையில் படங்களும் சொற்களும் ஓடின. அவற்றைப் பார்க்கும்போது மூளையில் எந்தெந்தத் தடங்கள் ஒளிர்கின்றன என்று கருவி குறித்துக்கொண்டது. பிறகு மூக்கில் இரண்டு சொட்டு உறைமருந்து. குறிக்கப்பட்ட தடங்கள் மட்டும் தூங்கிப்போகும். திரும்பி வரும்போது திறமருந்து விட்டால் விழித்துக்கொள்ளும். வலி கிடையாது. அரை மணி நேரம்கூட ஆகாது.

எழுந்தபோது அவள் தன் அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தாள். தலைமை அறிவியலாளர், தேசியச் சவ்வு ஆய்வகம், திருச்சிராப்பள்ளி. தினமும் காலை எட்டரைக்குப் போய் மாலை ஏழுக்குத் திரும்பும் கட்டடம் நினைவுக்கு வந்தது. தன் அறை ஜன்னலுக்கு வெளியே நிற்கும் வேப்பமரமும் நினைவுக்கு வந்தது. அந்த அறையில் உட்கார்ந்து தான் என்ன செய்வாள் என்பது மட்டும் வரவில்லை.

மகன் இளம்பரிதியும் ஒரு காலத்தில் அதே ஆய்வகத்தில்தான் இருந்தான். கெட்டிக்காரன். அம்மாவுக்குப் பிறகு அவன்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். அங்கே படிக்க வந்த பினாங்குத் தமிழ்ப்பெண் கோமளவல்லியை விரும்பினான். அவளுடைய அப்பா படுத்த படுக்கையானபோது அவள் ஊர் திரும்ப வேண்டியிருந்தது. இவனும் கூடப் போவதென்று முடிவு செய்தான். குடிபெயர்ந்து போகிறவர்களுக்குத் திறமருந்து கிடையாது. போனது போனதுதான். அவன் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, பினாங்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போய்விட்டான்.

அன்று அவனை வழியனுப்ப அங்கயற்கண்ணி வரவில்லை. ஆறு வருடமாகப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் பேசிக்கொண்டார்கள். போன வியாழக்கிழமை துறைமுகத்தில் ஒரு சரக்குப் பெட்டகம் வெடித்து விஷவாயு கசிந்தது. ஐந்து தொழிலாளிகள் மாட்டிக்கொண்டார்கள். இளம்பரிதியின் நுரையீரல் இரண்டும் வெந்துபோயின.

சனிக்கிழமை மாலை அவள் போய்ச் சேர்ந்தபோது அவன் விழித்திருந்தான். கழுத்திலிருந்து இரண்டு குழாய்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வெள்ளைப் பெட்டிக்குப் போயின. உடம்பிலிருந்து கறுத்து வரும் ரத்தம் பெட்டிக்குள் நுழைந்து சிவந்து திரும்பிக்கொண்டிருந்தது.

"அம்மா." காற்றுதான் வந்தது, குரல் இல்லை.

"பேசாதடா. மூச்சு வாங்கும்."

"மூச்செல்லாம் அந்தப் பெட்டிதான் வாங்குது. நான் சும்மாதான் படுத்திருக்கேன்." கொஞ்ச நேரம் கழித்து, "உனக்கும் பூட்டுப் போட்டுட்டாங்களா?" என்றான்.

"ம்."

"அப்ப இப்ப நீயும் நானும் ஒண்ணு." சிரிக்கப் பார்த்தான்.

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "எப்படிடா இருந்தே, இத்தனை வருஷம்?"

"மொத வருஷம் தேடிட்டே இருந்தேம்மா. பல்லு விழுந்த எடத்துக்கு நாக்கு போய்ப் போய் வருமே, அந்த மாதிரி. அப்புறம் பழகிருச்சு. கிரேன் நல்லாத்தான் இருக்கு. மேல ஏறி உக்காந்தா கடல் பூரா தெரியும். நீ வந்தா கூட்டிட்டுப் போய்க் காட்டணும்னு நெனச்சிருந்தேன்."

அவள் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சொல்ல எவ்வளவோ இருந்தது. "எந்திரி, போவோம்" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிறு காலை அவன் விழிக்கவில்லை. பெட்டியிலிருந்து திரும்பி வரும் ரத்தம் முந்தின நாள் போலச் சிவப்பாக இல்லை. மருத்துவர் குணாளன் மூன்று முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். அவரும் பினாங்கில் பிறந்த தமிழர்தான். நான்காவது முறை வந்தபோது மாமியாரையும் மருமகளையும் உட்காரச் சொன்னார்.

"மூச்சுப்பெட்டி சரியா வேலை செய்யல. ஏன்னு எங்களுக்குத் தெரியல. உங்க நாட்டுச் சரக்கு இது. முத்திரை வச்சுத்தான் அனுப்புறாங்க, திறந்தா உள்ள இருக்கறது தானா கரைஞ்சு போயிடும். கம்பெனிய கேட்டா, வேற பெட்டி அனுப்புறோம், வியாழக்கிழமை வந்துடும்ங்கிறாங்க."

"ஆள் அனுப்பச் சொல்லலாமே டாக்டர்," என்றாள் கோமளவல்லி.

"போன வருஷம் ஒருத்தர் வந்தாரு. நல்ல மனுஷன். ரெண்டு நாள் எங்களோடயே நின்னு பெட்டியப் பார்த்துட்டு இருந்தாரு. அவரையும் பூட்டித்தானே அனுப்புனாங்க? எங்களுக்குத் தெரிஞ்சதுகூட அவருக்குத் தெரியல." அவர் அங்கயற்கண்ணியின் பக்கம் திரும்பினார். "மேடம், உங்களுக்கு ஒண்ணு காட்டணும். கொஞ்சம் வாங்க."

பெட்டியின் பின்பக்கம் ஒரு சிறிய உலோகத் தகடு இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து படித்தாள். 'சவ்வு வடிவமைப்பு: அ. அங்கயற்கண்ணி, தேசியச் சவ்வு ஆய்வகம், திருச்சிராப்பள்ளி.'

"இது நீங்கதானே?"

"நான்தான்."

"அப்ப..." என்று தொடங்கிய மருத்துவர் முடிக்கவில்லை.

அவள் பெட்டியின்மேல் கை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே ஏதோ மெல்ல அதிர்ந்தது. அவளுடைய வலது கை தானாக நகர்ந்து, இடது ஓரத்தில் இருந்த ஒரு மெல்லிய குழாயைத் தொட்டு நின்றது. ஏன் அந்தக் குழாய் என்று அவளுக்குத் தெரியவில்லை. விரல்களால் அதை நீவிப் பார்த்தாள். கசக்கிப் பார்த்தாள். தலைக்குள் ஒன்றும் வரவில்லை.

"இதுல என்ன போகுது டாக்டர்?"

"காத்து, மேடம்," என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று மாலையே அவள் சென்னைக்குக் கிளம்பினாள். போய்த் திறந்துகொள்வது, தெரிந்ததும் தொலைபேசியில் சொல்வது, அவ்வளவுதான் திட்டம். வெளிநாட்டுக்குப் போகும் அழைப்பு, செய்தி, கடிதம் எல்லாவற்றையும் செவிக்காவல் என்ற கருவி கண்காணித்துக்கொண்டிருக்கிறது என்பது அவளுக்கு நினைவில்லாமல் இல்லை. ஆனாலும் பெற்றவள் என்று சொன்னால் ஏதாவது வழி விடுவார்கள் என்று நம்பினாள். அறிவுச் சுங்கச் சட்டத்தைப் பரிந்துரைத்த பதினொரு பேர் குழுவில் அவளும் ஒருத்தி.

"நான் இங்கேயே இருக்கேன் அத்தை. டாக்டர் எடுக்கலன்னா எனக்குப் பண்ணுங்க, ஒடனே அவர்கிட்ட கொடுத்துடறேன்," என்றாள் கோமளவல்லி.

திங்கட்கிழமை காலை ஹசீனாதான் பணியில் இருந்தாள். திறமருந்து விட்டு, மூன்று நிமிடம் காத்திருந்து, அறிவு முழுதாகத் திரும்பிவிட்டதா என்று சரிபார்க்கும் தாளை எடுத்தாள். பத்துக் கேள்விகள். பதில்களைக் கேட்க வேண்டியிருப்பதால் சுங்க அதிகாரிகளுக்குக் கடவுச்சீட்டே கிடையாது.

முதல் இரண்டு கேள்விகளுக்கும் அங்கயற்கண்ணி யோசிக்காமல் பதில் சொன்னாள்.

"சவ்வுக்குள் ஈரம் படிந்து பரிமாற்றம் குறைந்தால் என்ன செய்ய வேண்டும்?"

"காத்துக் குழாய நாலு டிகிரி சூடாக்கி, பத்து நிமிஷம் ஓட்டத்த ரெட்டிப்பாக்கணும். ஈரம் ஆவியாப் போயிடும். சூடாக்க ஒரு வெந்நீர்ப் பை போதும்..."

தன் வாய் சொல்வதைத் தானே கேட்டாள். ஹசீனா தாளில் குறித்துவிட்டு நிமிர்ந்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றபடியே அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தார் மருத்துவர்.

"டாக்டர், அந்தக் காத்து வர்ற குழாய..."

இணைப்பு அறுந்தது. இனிமையான ஒரு பெண் குரல் சொன்னது: "இந்த உரையாடல் நாட்டின் அறிவுடைமையைத் தொடுகிறது. பொறுத்தமைக்கு நன்றி."

கோமளவல்லியை அழைத்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு, சமையலறையில் பேசுவதுபோலப் பேசினாள். "கோமளா, பதறாம கேளு. ஈரத்துணி ஒண்ணு இருக்கு. வெயில் இல்ல. அது காயணும்னா நீ என்ன..."

அதுவும் அறுந்தது. செவிக்காவல் சொற்களைத் தேடவில்லை. அவள் தலையிலிருந்து எடுத்த வரைபடத்தையே வைத்துக்கொண்டு அவள் சொல்ல வருவது எது என்று தேடியது. வேறு எந்த வார்த்தையில் சுற்றி வளைத்தாலும் கண்டுகொள்ளும். மூன்றாம் முறை 'வெந்' என்பதற்குள் கைப்பேசி உறைந்துவிட்டது. முப்பது நாளுக்கு அதில் இனி யாரோடும் பேச முடியாது என்று திரையில் எழுத்து வந்தது.

அறிவியல் கொள்கைச் செயலர் பத்மநாபன் அவளைக் காக்க வைக்கவில்லை. தானே எழுந்து வந்து அழைத்துப் போய், தண்ணீர் கொடுத்தார். பதினொரு வருடங்களுக்கு முன் அந்தக் குழுவுக்குக் குறிப்பெடுக்கும் இளம் அதிகாரியாக இருந்தவர். அவள் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு அலமாரியிலிருந்து பழைய அறிக்கையை எடுத்து, ஒரு பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தார்.

படிக்க வேண்டியிருக்கவில்லை. உயிர் போகிற நேரத்தில் மட்டும் ஒரு விலக்கு வைக்கலாமே என்று அன்று குழுவிலிருந்த வயதான மருத்துவர் ஒருவர் கேட்டார். அவள்தான் மறுத்தாள். 'ஒரு விலக்கு வைத்தால் நாட்டின் எல்லாக் கண்டுபிடிப்புகளும் அதன் வழியே வெளியேறிவிடும். யாருக்கும், எப்போதும் விலக்கு கூடாது.' அவள் எழுதிய வாக்கியம் அப்படியே சட்டத்தில் ஏறியது.

"நான் குத்திக்காட்டல மேடம். நீங்க அன்னைக்குச் சொன்னது சரி. அப்ப அறிவியல்ல நாம உலகத்துல நாப்பத்தொண்ணாவது எடம். படிச்ச புள்ளைங்க எல்லாம் ஏரோப்ளேன்ல ஏறிப் போயிட்டிருந்தாங்க. இன்னைக்கு ஏழாவது எடம். பத்தொன்பது நாடு நம்மளப் பார்த்து இதே சட்டம் போட்டிருக்கு. உங்க பெட்டி முப்பது நாட்டுல உசுரக் காப்பாத்துது."

"என் பையன் செத்துட்டிருக்கான், பத்மநாபன்."

"புரியுது மேடம். எனக்கும் புள்ளைங்க இருக்கு. வியாழக்கிழமை குழு கூடுது. முதல் பொருளா நானே வைக்கிறேன்."

"நாலு வார்த்தைதான். நான் சொல்றேன், நீங்க யார் மூலமாவது..."

அவர் சட்டென்று இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார். "என்கிட்ட சொல்லிடாதீங்க! அடுத்த வாரம் ஜெனீவா போகணும். கேட்டுட்டேன்னா என்னையும் பூட்டணும் மேடம்."

செவ்வாய்க்கிழமை அவள் மலேசியத் துணைத் தூதரகத்துக்குப் போனாள். வெளிநாட்டவரிடம் சொன்னால் பத்து வருடம் சிறை என்று தெரியும். சிறைக்குப் போகத் தயாராகத்தான் போனாள். வாசலில் கை ரேகையை வைத்ததும் 'முதல் பட்டியல்' என்று பலகை சிவந்தது. யாரும் அவளை அடிக்கவில்லை, அதட்டவில்லை. இரண்டு பெண் காவலர்கள் கையைப் பிடித்துக் காரில் ஏற்றி, சென்னையில் அவள் தங்கியிருந்த விடுதிக்கே கொண்டுவந்து விட்டார்கள். விட்டுவிட்டுப் போகவும் இல்லை. பினாங்குக்குப் போகும் பயணி யாரிடமாவது சொல்லி அனுப்பலாம் என்று அவளுக்குத் தோன்றியபோது, இருவரும் கதவுக்கு உள்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி இட்லி வாங்கி வந்து கொடுத்தாள். "சாப்பிடுங்கம்மா, ரெண்டு நாளா ஒண்ணும் சாப்பிடலன்னு மூஞ்சிலயே தெரியுது," என்றாள்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்தக் காவலரின் கைப்பேசி அடித்தது; அலுவலகம் இணைத்துவிட்ட அழைப்பு. எடுத்துக் கேட்டவள், எழுந்து வந்து அதை அங்கயற்கண்ணியின் காதில் வைத்தாள். மறுமுனையில் கோமளவல்லி அழுதுகொண்டிருந்தாள். இந்தச் செய்தியைச் செவிக்காவல் தடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி அறிவுச் சுங்கம். ஹசீனா எத்தனை நாள் என்று கேட்கவில்லை. தானாகவே இரண்டு நாள் என்று பதிந்துகொண்டு, அவளைப் பூட்டி அனுப்பினாள்.

அன்று மாலையே இளம்பரிதியை எரித்து, மறுநாள் காலை சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். கிரேன் ஓட்டுகிறவர்கள் இருபது பேர் சீருடையோடு வந்து நின்றார்கள். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது மருத்துவர் குணாளனும் வந்திருந்தார். கையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார்.

கோமளவல்லிதான் கேட்டாள். "அத்தை, அன்னைக்குப் போன்ல ஈரத்துணின்னு என்னமோ சொல்ல வந்தீங்களே. என்ன அது?"

அங்கயற்கண்ணி யோசித்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பேசியது நினைவிருந்தது. அந்த இனிமையான குரல் நினைவிருந்தது. பத்மநாபன் காதைப் பொத்திக்கொண்டது நினைவிருந்தது. சொல்ல வந்தது எதுவோ அது இருந்த இடம் வழித்துத் துடைத்ததுபோல இருந்தது.

"தெரியலையேம்மா."

"கொஞ்சம் பாருங்க மேடம்," என்றார் மருத்துவர். "பரிதியோட சேர்ந்து அடிபட்டவங்க ரெண்டு பேர் இன்னமும் அதே மாதிரிப் பெட்டியிலதான் இருக்காங்க. வேற பெட்டி வந்துச்சு. அதுவும் ரெண்டு நாளு நல்லா ஓடிட்டு இப்ப அதே மாதிரிதான் ஆகுது. ஏதாவது ஒரு வார்த்தை ஞாபகம் வந்தாலும் போதும்."

"சின்ன விஷயம்," என்றாள் அவள். "ரொம்பச் சின்ன விஷயம். அது மட்டும்தான் ஞாபகம் இருக்கு டாக்டர்."

அவர் நோட்டை மூடினார். கோமளவல்லி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அங்கயற்கண்ணி சுங்கத்துக்குள் வந்து உட்கார்ந்ததும், மருந்துக் குப்பியை எடுத்த ஹசீனாவின் கையைத் தடுத்தாள்.

"வேணாம்மா. திறக்க வேணாம். இப்படியே விட்டுடு."

"மேடம்..."

"அது என்னன்னு தெரியாத வரைக்கும் என்னால அழ முடியுது. வாயு வெடிச்சுது, விதி முடிஞ்சுதுன்னு நெனச்சுக்க முடியுது. அது தெரிஞ்சுட்டா நான் எப்படிம்மா இருக்கறது?"

ஹசீனா குப்பியைக் கீழே வைத்தாள். "இருபத்துநாலு மணி நேரம் வரைக்கும் நான் சும்மா இருக்கலாம் மேடம். அதுக்கப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் படுக்க வச்சுத் திறப்பாங்க. உங்க சம்மதம் தேவையில்ல. பதிவேட்டுல அது நாட்டுச் சொத்துன்னு இருக்கு." தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கும் தெரியும் மேடம். அன்னைக்கு நீங்க பதில் சொன்னப்ப நான் இங்கதானே உக்காந்திருந்தேன். ஒரு வாரமா நானும் அதோடதான் இருக்கேன்."

வெளியே துபாய் விமானத்துக்கு அழைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அங்கயற்கண்ணி தலையைப் பின்னால் சாய்த்தாள். ஹசீனா சொட்டு விட்டாள்.

மூன்று நிமிடம் என்பது மருந்துச் சீட்டில் உள்ள கணக்கு. அதற்கு முன்பே அது வந்துவிட்டது. குழாய், நான்கு டிகிரி, வெந்நீர்ப் பை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். தோள்கள் குலுங்கின. ஹசீனா எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

திடீரென்று அங்கயற்கண்ணி நிமிர்ந்தாள். "அந்த ரெண்டு பேரும் இன்னும் உசிரோட இருப்பாங்க."

ஹசீனா கேள்வித்தாளைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். தன் கைப்பேசியை எடுத்து மேசைமேல் வைத்து, அவள் பக்கம் தள்ளினாள். வேலை போய்விடும் என்று இருவருக்கும் தெரியும்.

மருத்துவரின் எண்ணை அவள் மனப்பாடமாகவே வைத்திருந்தாள்.

"டாக்டர், நான்தான். அவங்க ரெண்டு பேரும் எப்படி இருக்காங்க?"

"இருக்காங்க மேடம். ரத்தத்துல ஆக்சிஜன் ஒருத்தருக்கு எண்பத்திரண்டு, இன்னொருத்தருக்கு எழுபத்தொன்பது. எறங்கிட்டே வருது." தாள் புரளும் சத்தம் கேட்டது. "திறந்துட்டாங்களா? ஞாபகம் வந்துருச்சா? சொல்லுங்க மேடம், எழுதிக்கறேன்."

அவள் வாயைத் திறந்தாள். முதல் சொல்லைச் சொன்னால் செவிக்காவல் இந்த இணைப்பையும் அறுத்துவிடும். சொல்லாமல் இருக்கும்வரை இருக்கும்.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் டாக்டர்," என்றாள் அங்கயற்கண்ணி.

"சொல்லுங்க."

அவள் கைப்பேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுபத்தொன்பது என்றவர் கொஞ்ச நேரத்தில் எழுபத்தெட்டு என்றார்.